நைதரசன் பசளையும் மண்வாழ் உயிர்களும்

யூரியா இட்ட ஒரு வாரத்துள் பயிர் கரும்பச்சையாக மாறுவதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். அந்நிறத்தைத் தருவது நைதரசன் என்னும் போசணையாகும். இலையும் தண்டும் தழைப்பதற்கு இன்றியமையாத இப்போசணை நம் நாட்டு மண்களிற் பெரும்பாலானவற்றிற் குறைவாகவே உள்ளது. ஆதலினால் அதனைப் பசளையாக இடுகின்றோம். ஆயின், இட்ட பசளை முழுவதையும் பயிரே உட்கொள்வதில்லை. எஞ்சிய பகுதி மண்ணிலே தங்கியும், வளியிற் கலந்தும், நீரோடு கீழிறங்கியும் போகின்றது. அவ்வாறு எஞ்சுவது மண்ணில் வாழும் சிற்றுயிர்களை எங்ஙனம் தாக்குகின்றது என்பதையே இத்துண்டுப் பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

இதுபற்றிக் கமக்காரர் இரு வினாக்களை எழுப்புவதுண்டு. "யூரியா போட்டால் மண்புழு செத்துப்போகும் என்கிறார்களே, மெய்தானா?" என்பது ஒன்று. "அப்படியானால் செயற்கைப் பசளையை அறவே விட்டுவிடலாமா?" என்பது மற்றையது. இவற்றுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. எந்தப் பசளை, எவ்வளவு, எந்த மண்ணில், எதனுடன் சேர்த்து இடப்பட்டது என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும்.

மண்ணினுள் உழைக்கும் உயிர்கள்

மண் வெறும் தூளன்று. அது பல்லாயிரம் உயிர்களின் இருப்பிடமாகும். கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்களும் பங்கசுக்களும் அவற்றுள் மிகப் பலவாம். அவற்றை மேய்ந்து வாழும் நுண்ணிய வட்டப்புழுக்கள், மண்ணுண்ணிகள், வாலை உந்தித் துள்ளும் சிறகில்லாச் சிறு பூச்சிகள் என்பன அடுத்த படியில் உள்ளன. மரவட்டை, கறையான், எறும்பு, சாணி வண்டு, மண்புழு என்பன நாம் கண்ணாற் காணக்கூடிய பெரியவை.

இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலையைச் செய்கின்றன. மரவட்டையும் கறையானும் சருகையும் வைக்கோலையும் துண்டு துண்டாக நறுக்குகின்றன. நறுக்கியவற்றைப் பங்கசுக்களும் பற்றீரியாக்களும் உக்கச் செய்கின்றன. மண்ணுண்ணிகளும் வட்டப்புழுக்களும் இந்நுண்ணுயிர்களை உண்டு, அவற்றின் உடலில் அடங்கியிருந்த நைதரசனைப் பயிர் கொள்ளக்கூடிய வடிவிற் கழிவாக வெளியேற்றுகின்றன. பயிரைத் தாக்கும் வட்டப்புழுக்களும் மண்ணில் உண்டு. அவற்றைப் பிடித்துண்ணும் பிற உயிர்களும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று அடக்கி நிற்கும்வரை பயிர் பெருந் தீங்கு அடைவதில்லை.

இவ்வுழைப்பாளர்களுள் முதன்மையானது மண்புழு. நம்மவர் இதனை நாக்கிளிப்புழு என்றும் கூறுவர். இது மண்ணையும் உக்கிய இலைகுழைகளையும் ஒருங்கே விழுங்கி, உடலினுள் அரைத்துக் கலந்து, எச்சமாகத் தள்ளுகின்றது. அவ்வெச்சத்திற் பயிர் எளிதிற் கொள்ளத்தக்க நைதரசனும் பொசுபரசும் சூழவுள்ள மண்ணிலும் மிகுதியாக இருக்கும். புழு துளைத்த வழிகளால் மழைநீர் உட்புகும்; காற்றோட்டம் உண்டாகும்; வேர் ஆழச் செல்லும். இங்கிலாந்து நாட்டு அறிஞர் சாள்ஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் மண்புழுவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்நாட்டின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் மண்புழுக்கள் ஆண்டுதோறும் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண்ணை உண்டு மேலே கொணர்கின்றன என்று அவர் கணக்கிட்டார். கூலியின்றி நடைபெறும் இவ்வுழவை இழப்பது சிறு நட்டமன்று.

இட்ட நைதரசன் அடையும் மாற்றங்கள்

இத்தீங்கு எவ்வழி வருகின்றது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, பசளை மண்ணில் அடையும் மாற்றங்களை அறிதல் வேண்டும்.

யூரியா நீரிற் கரைந்து, மண்ணிலுள்ள ஒரு நொதியத்தால் சில நாட்களுள் அமோனியாவாக மாறுகின்றது. உருண்டை விழுந்த இடத்தைச் சுற்றி அமோனியா செறிந்து நிற்பதால் அவ்விடத்து மண் தற்காலிகமாகக் காரத்தன்மை அடைகின்றது. மண்புழு தோலினாற் சுவாசிப்பது. அதன் தோல் எப்போதும் ஈரமாக இருத்தல் வேண்டும். ஆதலின் செறிந்த அமோனியாவும் செறிந்த உப்புக் கரைசலும் அதனை எரித்துவிடும். ஓரிடத்திற் குவியலாகப் பசளை விழுந்தால் நாற்று கருகுவதைக் கண்டிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாமற் கீழேயுள்ள உயிர்களும் அவ்வாறே கருகுகின்றன.

இது முதலாவது தீங்கு. எனினும் இது சிறிது இடத்தில், சில நாட்களுக்கே நிகழ்வது. தப்பியவை மீண்டும் பெருகிவிடும். நெடுநாள் நீடிக்கும் தீங்கு இரண்டாவதே. அது மண் புளிப்படைதல், அதாவது அமிலமாதல்.

அமோனியாவைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இம்மாற்றத்தின்போது அமிலம் உண்டாகின்றது. பயிர் கொள்ளாத நைத்திரேற்று மழைநீரோடு கீழிறங்கும்போது, மண்ணிலுள்ள கல்சியத்தையும் உடன்கொண்டு செல்கின்றது. ஆண்டுதோறும் இவ்வாறு நிகழ, மண் மெல்ல மெல்லப் புளிப்படைகின்றது. மிகவும் புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வெளிப்பட்டு, வேருக்கும் புழுவுக்கும் நஞ்சாகின்றது. மண்புழு வாழ்வதற்குக் கல்சியமும் வேண்டும். மண்ணின் பி.எச். அளவு 4½ இற்குக் கீழே வீழ்ந்தால் பெரும்பாலான மண்புழு இனங்கள் அங்கு நிலைப்பதில்லை.

புளிப்பை உண்டாக்கும் ஆற்றல் எல்லாப் பசளைகளிலும் ஒரே அளவினதன்று. 50 கிலோ அமோனியஞ் சல்பேற்று உண்டாக்கும் அமிலத்தை நீக்குவதற்கு ஏறத்தாழ 55 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். 50 கிலோ யூரியாவுக்கு ஏறத்தாழ 40 கிலோ போதும். ஆயின் முந்தியதில் நைதரசன் 10½ கிலோவே. பிந்தியதில் 23 கிலோ. எனவே ஒரே அளவு நைதரசனைக் கொடுப்பதாயின், அமோனியஞ் சல்பேற்று யூரியாவைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு புளிப்பை உண்டாக்கும்.

1856ஆம் ஆண்டு முதல் நடைபெறும் ஒரு பரிசோதனை

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் நிலம் ஒன்று இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளது. அங்குள்ள பழைய புல் நிலம் ஒன்றினை லோஸ், கில்பேட் என்னும் இருவர் 1856ஆம் ஆண்டிற் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகைப் பசளையை ஆண்டுதோறும் இடத் தொடங்கினர். அப்பரிசோதனை இன்றும் நடைபெறுகின்றது. உழப்படாத புல் நிலமாதலின், மண்ணில் உயிர்கள் செய்யும் வேலையை உழவு மறைப்பதில்லை. பசளையின் விளைவு அங்கு மறைவின்றிப் புலப்படுகின்றது.

அமோனியஞ் சல்பேற்று மிகுதியாக இடப்பட்டு, சுண்ணாம்பு இடப்படாத துண்டுகளில் மண்ணின் பி.எச். அளவு 4 இற்கும் கீழே சென்றுவிட்டது. அங்கு மண்புழுக்கள் இல்லாதொழிந்தன. அதன் விளைவு யாதெனில், ஆண்டுதோறும் மடிந்த புல்லும் வேரும் உக்காமல், மண்ணின் மேல் ஒரு தடித்த பாயைப்போலப் படிந்து கிடக்கின்றன. இழுத்துச் செல்லப் புழுவில்லை, ஆகவே உணவு மேலே கிடக்க, மண் கீழே பசித்திருக்கின்றது. பசளை ஒன்றும் இடாத துண்டுகளிற் பலவகைப் புற்பூண்டுகள் கலந்து வளர, புளித்த துண்டுகளில் இரண்டு மூன்று வகைப் புற்களே எஞ்சின.

அதே நிலத்தில் நைதரசனைச் சோடியம் நைத்திரேற்றாக இட்ட துண்டுகள் புளிக்கவில்லை. அங்கு இத்தகைய பாய் படியவுமில்லை. 1903ஆம் ஆண்டு தொடக்கம் சில துண்டுகளிற் பாதிக்குச் சுண்ணாம்பும் இடப்பட்டது. சுண்ணாம்பு பெற்ற பாதியில் மண் புளிப்பு நீங்கியது. சருகு உக்கும் தொழில் தொடர்ந்து நடைபெறுகின்றது. ஒரு வரம்பின் இப்புறமும் அப்புறமும் ஒரே பசளை; ஆயினும் ஒருபுறம் உயிருள்ள மண், மறுபுறம் சருகுப் பாய். நைதரசன் என்னும் பெயரன்று, அது உண்டாக்கும் புளிப்பே மண்புழுவின் பெரும் பகைவன் என்பதை இவ்வொப்பீடு நன்கு விளக்குகின்றது.

நகரத்துப் புற்றரைகள்

மேலைநாட்டு நகரங்களில் வீட்டு முற்றங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் புல் வளர்த்து, ஒட்டக் கத்தரித்துப் பேணுவர். அத்தகைய புற்றரைகளின்மேல் மண்புழு தள்ளும் எச்சங்கள் அவற்றின் அழகைக் கெடுப்பதாகவும், பந்து உருளுவதற்குத் தடையாவதாகவும் கருதினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் புற்றரை பேணுவோர் அமோனியஞ் சல்பேற்றைத் தொடர்ந்து தூவி மண்ணைப் புளிக்கச் செய்யும் முறையைக் கையாண்டனர். அகன்ற இலைக் களைகளும் மண்புழுக்களும் குறையும் என்பதே அவர்தம் நோக்கம். ஆயின் நாளடைவிற் சருகுப் பாய் தடித்து, நீர் உட்புகாது, புல்லே நலிந்த இடங்கள் பலவாயின. ஆதலின் அம்முறை பின்னர் கைவிடப்பட்டது.

கமக்காரர் இதனை ஊன்றிச் சிந்தித்தல் வேண்டும். புற்றரை பேணியவர் மண்புழுவை அகற்றும் நோக்குடனேயே அமோனியஞ் சல்பேற்றைத் தூவினர். நாமோ மண்புழு வேண்டும் என்று கூறிக்கொண்டே, சுண்ணாம்பின்றியும் எருவின்றியும் அதே பொருளை அளவின்றித் தூவினால் வேறு விளைவை எதிர்பார்க்கலாமா?

நகரங்களிற் பசளை இடாத புல் நிலங்களுக்குங்கூட நைதரசன் வந்து சேர்கின்றது. மோட்டார் வாகனங்களின் புகையில் உள்ள நைதரசன் ஒட்சைட்டுகளும், கால்நடைப் பண்ணைகளிலிருந்து எழும் அமோனியாவும் மழையோடும் தூசியோடும் நிலத்தில் வீழ்கின்றன. இங்ஙனம் சிறிது சிறிதாகச் சேரும் மிகை நைதரசனால், பற்றீரியாவை உண்ணும் வட்டப்புழுக்கள் சில பெருகவும், பங்கசுக்களை உண்பனவும் பிறவற்றைப் பிடித்துண்பனவும் குறையவும் காணப்படுகின்றன. எண்ணிக்கை குறையாதபோதும் இனங்கள் குறைந்துவிடும். பிடித்துண்பவை குறைந்த மண்ணில், பயிரைத் தாக்கும் உயிர்களை அடக்குவோர் இல்லை.

அளவான நைதரசன் பகையன்று

மேலே கூறியவற்றைக் கொண்டு நைதரசன் பசளை முழுவதும் தீது எனக் கொள்ளுதல் தவறாகும். பசளையால் நன்கு தழைத்த பயிர் அதிக வேரையும் தாளையும் சருகையும் நிலத்தில் விட்டுச்செல்கின்றது. அவையே மண்ணுயிர்களின் உணவு. புளிப்பு ஏறாத தானிய நிலங்களில் அளவாக நைதரசன் இட்டபோது மண்புழுக்கள் குறையாது பெருகியதும் உண்டு. மாட்டெரு இட்ட நிலங்களில் அவை மேலும் பெருகின. உணவு மிகுந்தால் உண்போரும் மிகுவர் என்பதே இதன் காரணம்.

பசளையைத் திடீரென நிறுத்துவதால் நேரும் கேட்டினை நம் நாடு அண்மையிற் கண்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டபோதிலும், 2021/22 காலபோகத்தில் நெல் விளைச்சல் பெருவீழ்ச்சி அடைந்தது. பலகாலம் யூரியாவுக்குப் பழகிய நிலத்தில், அதற்கு ஈடான எருவும் குழையும் சேருமுன் யூரியாவை நிறுத்தினால், பயிரும் மெலியும். பயிர் மெலிந்தால் மண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் சருகும் குறையும். ஆகவே, மிகையும் தவறு, வெறுமையும் தவறு.

நம் நாட்டு மண்களின் வேறுபாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. கல்சியம் மிகுந்த இம்மண் எளிதிற் புளிப்பதில்லை. ஆகவே ரொதம்ஸ்டெட் நிலத்தில் நேர்ந்தது இங்கு அப்படியே நேரும் என்று கூற முடியாது. ஆயின் காரத்தன்மையுள்ள மண்ணில் மேலாகத் தூவிய யூரியா அமோனியாவாகி வளியில் விரைந்து கலந்துவிடும். அதனாற் பணமும் நட்டம். மேன்மண்ணில் வாழும் உயிர்களுக்கும் கேடு. மேலும் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களின் வழியே நைத்திரேற்று நேரே நிலத்தடி நீரை அடைகின்றது.

நுவரெலியா, வெலிமடை முதலிய மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களின் நிலை வேறு. அடிக்கடி பெய்யும் மழையினாற் கல்சியம் கழுவப்பட்ட அம்மண்கள் இயல்பிலேயே புளிப்பானவை. அங்கு உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா முதலியவற்றுக்கு ஆண்டிற் பலமுறை மிகுதியாகப் பசளை இடும்போது, ரொதம்ஸ்டெட் நிலத்தின் பாடம் முழுவதும் பொருந்தும். மண்ணைச் சோதிப்பித்து, வேண்டிய அளவு டொலமைற்று இடுதல் அங்கு இன்றியமையாதது.

கற்பிட்டி, மட்டக்களப்புக் கரையோரம் போன்ற மணற்பாங்கான இடங்களில் மண் பசளையைப் பிடித்து வைத்திருக்காது. ஒரு பெருமழை போதும், இட்ட நைத்திரேற்று அனைத்தும் வேருக்குக் கீழே சென்றுவிடும். இத்தகைய மண்ணில் மண்ணுயிர்களும் இயல்பிலே குறைவு. எருவும் குழையும் சேர்த்தால் மட்டுமே அவை நிலைத்திருக்கும்.

நெல்வயலில்

நீர் கட்டிய வயலில் மண்புழு பெரும்பாலும் வரம்பிலேயே தங்கும். ஆயின் வயற்சேறு உயிரற்றதன்று. நூல்போன்ற சிவந்த சேற்றுப்புழுக்கள் தலையைச் சேற்றிற் புதைத்து, வாலை நீரில் அசைத்துக்கொண்டு வாழ்கின்றன. இவை கீழ்ச்சேற்றை உண்டு மேலே எச்சமிடுகின்றன. இதனாற் போசணைகள் மேலே வருகின்றன. களைவிதைகள் சேற்றில் ஆழப் புதைந்து முளையாதொழிகின்றன. நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் வளியிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்கு விலையின்றி வழங்குகின்றன.

நிற்கும் நீரில் யூரியாவை வீசினால் நேர்வது யாது? பாசிகள் திடீரெனப் பெருகுகின்றன. வெயில் வேளையில் அவை நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் நீர் காரத்தன்மை அடைகின்றது. கார நீரிலிருந்து அமோனியா வாயுவாகி வெளியேறுகின்றது. எஞ்சியது நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு நஞ்சாகின்றது. நைதரசன் நீரில் மிகுந்தபோது நீலப்பச்சைப் பாசிகள் வளியிலிருந்து அதனைப் பிடிப்பதையும் நிறுத்திவிடுகின்றன. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெற்ற ஆராய்ச்சிகள், யூரியாவை நீரில் வீசாது சேற்றினுள் புதைத்தால் இத்தீங்குகள் பெரிதும் குறையும் எனக் காட்டியுள்ளன.

நம் கமக்காரர் எளிதிற் செய்யத்தக்கது இது: மேற்கட்டுப் பசளை இடுமுன் வயலின் நீரை வடித்து, சேறு ஈரமாக உள்ளபோது யூரியாவை இட்டு, களை எடுப்பதோடு சேர்த்து மண்ணிற் கலந்து, பின்னர் நீர் கட்டுக. வயல் முழுவதற்கும் ஒரே முறையில் இடாது, பயிரின் வயதுக்கேற்பப் பிரித்து இடுக. இலை நிற அட்டையை நெல்லின் இலையோடு ஒப்பிட்டு நோக்கி, நிறம் குறைந்தபோது மட்டும் இடுதல் இன்னும் நன்று.

சூடடித்தபின் வைக்கோலை எரிப்பவர் இன்றும் உளர். வைக்கோல் மண்ணுயிர்களின் உணவு. அதனை எரித்தால் அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும். அதனை வயலில் பரப்பி, அடுத்த போகத்துக்கு நிலம் பண்படுத்தும்போது உழுது புதைத்தல் வேண்டும்.

கிணறு கூறும் கணக்கு

மண்ணுயிர்களும் பயிரும் பயன்படுத்தாத நைத்திரேற்று இறுதியிற் சென்று சேருமிடம் கிணறாகும். குடாநாட்டிலும் கற்பிட்டியிலும் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பது 1980ஆம் ஆண்டுகளிலிருந்தே ஆய்வுகளாற் புலப்பட்டுள்ளது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரையே நைத்திரேற்று இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. இதனிலும் மிகுந்த நீரிற் பாலைக் கரைத்துக் கைக்குழந்தைகளுக்கு ஊட்டினால், குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து குழந்தை நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது; நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பசளை மட்டுமன்றி, அளவு மிஞ்சிய எருக்குவியலும் மலகூடக் குழிகளும் இதற்குக் காரணமாகும்.

இந்நீரையே நாம் தோட்டத்துக்கும் இறைக்கின்றோம். அதில் எவ்வளவு நைதரசன் உண்டு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தோர் சிலரே. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரில் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட நைதரசன் உண்டு. ஒரு போகத்தில் நிலத்தின்மேல் 400 மில்லிமீற்றர் உயரத்துக்கு இறைத்தால், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 16 இலட்சம் லீற்றர் நீர் பாய்கின்றது. அதனோடு சேரும் நைதரசன் ஏறத்தாழ 18 கிலோ. இது ஏறத்தாழ 40 கிலோ யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமம். அதாவது ஒரு மூடை யூரியாவில் ஐந்தில் நான்கு பங்கு கிணற்றிலிருந்தே வந்துவிடுகின்றது. பயிர் இது முழுவதையும் கொள்ளாதாயினும், இதனைக் கணக்கிற் கொள்ளாது கடையிலிருந்து மேலும் வாங்கி இடுதல் பணத்தைக் கிணற்றில் எறிவதை ஒக்கும். ஆதலின் தோட்டக் கிணற்று நீரை ஒரு முறையேனும் சோதிப்பித்து, அதற்கேற்பப் பசளையைக் குறைத்தல் அறிவுடைமை.

முன்னோர் கையாண்ட முறைகள்

குடாநாட்டுத் தோட்டக்காரர் பூவரசு, கிளிசரிடியா முதலியவற்றின் குழையை வெட்டி, சால் அறுத்துத் தாழ்த்தும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஆடு மாடுகளைத் தோட்டத்திற் பட்டி அடைத்தலும் அவ்வாறே. இவை நைதரசனை மெல்ல மெல்ல வெளிவிடுகின்றன. மண்ணுயிர்கள் உண்டு, செரித்து, கழித்த பின்னரே அது பயிரை அடைவதால், ஒரே நாளிற் செறிந்து எரிப்பதுமில்லை. ஒரே மழையிற் கழுவப்படுவதுமில்லை. யூரியா பயிருக்கு உணவு கொடுக்கின்றது. குழையும் எருவும் பயிருக்கும் மண்ணுயிர்களுக்கும் சேர்த்து உணவு கொடுக்கின்றன. இரண்டையும் இணைத்து இடும்போது யூரியாவின் அளவைக் குறைக்கலாம், விளைச்சலும் குறையாது.

எருவிலும் அளவு உண்டு என்பதை மறத்தலாகாது. பச்சைக் கோழியெரு அமோனியா மிகுந்தது. அதனை உக்க வைக்காது தடிப்பாகப் பரப்பினால் யூரியா செய்யும் தீங்கையே அதுவும் செய்யும். இயற்கையானது என்பதனால் அளவின்றி இடலாம் என எண்ணுதல் தவறு.

வீட்டிலே செய்யத்தக்க சோதனை

உமது மண்ணின் நிலையை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மழை பெய்து மூன்று நான்கு நாட்களின் பின், காலை வேளையில், தோட்டத்தின் நடுவே ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழமாக மண்ணை வெட்டி ஒரு சாக்கின்மேற் கொட்டுக. கட்டிகளைக் கையால் உடைத்து, அதிலுள்ள மண்புழுக்களை எண்ணிக் குறித்துக்கொள்க. பின்னர் பசளை படாத வேலியோரத்திலோ வாழையடியிலோ அதே அளவு மண்ணை வெட்டி எண்ணுக. இரண்டு எண்களையும் ஒப்பிடுக. வேலியோரத்திற் பலவும் தோட்ட நடுவில் ஒன்றிரண்டுமே காணப்படின், நிலம் எச்சரிக்கை தருகின்றது என அறிக. கிருமிநாசினியும் அடிக்கடி உழுதலும் மண்புழுவைக் குறைக்குமாதலால், பசளை ஒன்றையே குற்றங்கூறாது மூன்றையும் ஆராய்தல் வேண்டும். கடுங்கோடையில் மண்புழுக்கள் ஆழத்துக்குச் சென்றுவிடும். அக்காலத்தில் இச்சோதனையைச் செய்தலாகாது.

இன்னொரு முறையும் உண்டு. ஒரு பிடி வைக்கோலைக் கண்ணகன்ற வலைத்துண்டிற் கட்டி, ஒரு சாண் ஆழத்திற் புதைத்து, அடையாளக் கம்பொன்று நாட்டுக. இரண்டு மாதத்தின் பின் எடுத்துப் பார்க்க. வேலியோரத்திற் புதைத்தது நைந்து கறுத்துப்போக, தோட்டத்திற் புதைத்தது புதைத்தபடியே இருந்தால், அங்கு உக்கச் செய்வோர் குறைந்துவிட்டனர் என்பது தெளிவு.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மண்ணைச் சோதிப்பித்து, சிபார்சு செய்யப்பட்ட அளவுக்கு மேற்படாமல் நைதரசன் இடுக.

2. ஒரே முறையில் முழுவதையும் இடாது, பயிரின் பருவங்களுக்கேற்பப் பிரித்து இடுக.

3. தோட்டத்தில் யூரியாவை மேலே தூவி விடாது, மண்ணால் மூடி உடனே அளவாக நீர் இறைக்க. பெருமழை வருமுன் இடற்க.

4. வயலில் நீரை வடித்துச் சேற்றில் இட்டுக் கலக்குக.

5. ஒவ்வொரு போகத்திலும் குழை, மாட்டெரு, கூட்டெரு ஆகியவற்றுள் ஒன்றையேனும் நிலத்திற் சேர்க்க. வைக்கோலை எரியாதிருக்க.

6. புளிப்பான மண்ணுக்கு மட்டும், சோதனையின்படி, டொலமைற்று இடுக. சுண்ணக்கல் நிலத்துக்கு அது வேண்டியதில்லை.

7. கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றை அறிந்து, அதற்கேற்ப யூரியாவைக் குறைக்க. நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கற்க.

8. ஆண்டுக்கொருமுறை மண்புழுக்களை எண்ணி, எண்ணிக்கையைத் திகதியுடன் எழுதி வைக்க.

கடையில் வாங்கும் பசளையின் விலையை நாம் அறிவோம். மண்ணினுள் இராப்பகலாக உழைப்போரின் உழைப்புக்கு விலை குறித்தவர் எவருமிலர். அவ்வுழைப்பு நின்றபின் அதனை ஈடுசெய்வதற்கு மேலும் மேலும் பசளை வாங்க நேரும். அப்பசளை எஞ்சியிருப்போரையும் குறைக்கும். இச்சுழலில் அகப்படாதிருப்பதற்கு வழி, பயிருக்கு வேண்டிய அளவு மட்டும் நைதரசன் இட்டு, மண்ணுயிர்களுக்கும் உரிய பங்கைக் குழையாகவும் எருவாகவும் கொடுத்து வருவதே. இதில் ஐயம் உள்ளவர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, மண் மாதிரி எடுக்கும் முறையையும் பசளை அளவையும் கேட்டறிந்து, வரும் போகத்திலேயே ஒரு பாத்தியில் இதனைக் கையாண்டு பார்ப்பாராக.